மேய்ச்சல் நிலமும் செப்புத் தகடும்: எச்சிங் ஓவியங்களைக் கூர்ந்து பார்ப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் அச்சோவியங்களில் ஆர்வமுள்ள தமிழ் நண்பர்கள் கூடிப் படங்களைப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இடையர், ஆநிரை, வயல், மரம், ஓடை ஆகியவற்றைக் கருவாகக் கொண்ட எச்சிங் ஓவியங்களே இங்குப் பேசப்படுகின்றன. வண்ணம் இல்லாத அந்தச் சிறிய படங்களில் அமைப்பு வேறு, கோடு வேறு என்று பிரித்துப் பார்க்க இயலாது என்பது என் உறுதியான கருத்து. கீழ்வரும் விடைகள் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்பட்டவை.

எச்சிங் என்றால் என்ன? பேனாவால் வரைந்த படத்திலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

மெருகேற்றிய செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்றை இட்டு, அந்தப் பூச்சை ஓவியர் ஊசியால் கீறி வரைகிறார். ஊசி செம்பை வெட்டுவதில்லை. பூச்சை விலக்கிச் செம்பை வெளியே காட்டுவது மட்டுமே அதன் வேலை. பிறகு தகட்டை அமிலத்தில் இடும்போது வெளித்தெரியும் இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்குகிறது. பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறிவிடுகிறது.

பேனாக் கோட்டின் கருமையைக் கை அந்தக் கணத்திலேயே தீர்மானித்துவிடுகிறது. எச்சிங்கில் கை தருவது திசையையும் இடைவெளியையும்தான். கருமையைத் தருவது அமிலத்தில் தகடு கிடந்த நேரம். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் பல விடைகள் எளிதாகப் புரியும்.

எச்சிங் கோட்டை மற்ற செப்புத்தகட்டுக் கோடுகளிலிருந்து கண்ணாலேயே பிரித்தறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். உளியால் நேரடியாகச் செதுக்கும் முறையில், உளி செம்புக்குள் இறங்கி ஏறுவதால், கோடு மெலிந்து தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடிகிறது. அதன் வளைவுகளில் ஓர் இறுக்கமும் ஒழுங்கும் இருக்கும். எச்சிங் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே பருமனில் சென்று மொட்டையாக நிற்கும். ஊசிக்குத் தடையே இல்லாததால் நடுக்கம், சுழிப்பு, அவசரம் ஆகிய எல்லாமே அதில் பதிந்துவிடும். புல்லையும் இலைத்தொகுதியையும் வரைய இந்தச் சுதந்திரமே பெரிதும் உதவியது. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் ழாக் கல்லோ, சாய்வாக வெட்டிய முனையுள்ள கருவியைக் கொண்டு உளிக்கோட்டைப் போலவே பருத்து மெலியும் எச்சிங் கோடுகளை வரைந்தார் என்பதால், முனையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது.

மூன்றாவது வகை ட்ரைபாயிண்ட். இதில் பூச்சும் இல்லை, அமிலமும் இல்லை. கூரிய ஊசியால் செம்பையே கீறும்போது, கீறலின் ஓரத்தில் உலோகம் சுருண்டு எழுந்து நிற்கிறது. அந்தச் சுருளும் மையைப் பிடித்துக்கொள்வதால் கோட்டின் ஓரம் வெல்வெட்டைப் போலக் கசிந்து தெரியும். நிழல் அடர்ந்த புதர்களில் அத்தகைய கசிவைக் கண்டால் அது ட்ரைபாயிண்டாக இருக்கக்கூடும். 17ஆம் நூற்றாண்டின் ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் இந்த முறைகளை ஒரே தகட்டில் கலந்து பயன்படுத்தினார்.

மேய்ச்சல்நிலக் காட்சி என்று எதைச் சொல்கிறோம்?

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவி வெர்ஜில் எழுதிய பத்து ஆயர் பாடல்களின் நிழல், ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின்மேல் பல நூற்றாண்டுகளாக விழுந்து கிடக்கிறது: மர நிழலில் குழலூதும் இடையன், நீர்த்துறையில் மாடுகள், தொலைவில் ஒரு மலையோ சிதைந்த கட்டடமோ. ஹாலந்து நாட்டு ஓவியர்கள் அதைத் தங்கள் சொந்த வயல்களுக்கும் குடிசைகளுக்கும் இறக்கிக் கொண்டுவந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. காடும் காடு சார்ந்த நிலமும், கார்காலமும் மாலைப்பொழுதும், ஆநிரையோடு திரும்பும் ஆயரும் சேர்ந்த முல்லைத் திணை நமக்குப் பழக்கமானது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அதன்பின்னரே மாந்தரின் உணர்வுக்குச் செல்லும் வாசிப்பு முறையையும் நாம் அறிவோம். இந்தப் படங்களையும் அதே வரிசையில் பார்க்கலாம். ஆனால் முல்லையின் உரிப்பொருள் காத்திருத்தல். ஐரோப்பிய ஆயர் காட்சியின் மையம் பெரும்பாலும் ஓய்வு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் படத்தில் இல்லாத ஏக்கத்தை நாமே ஏற்றிவிடுவோம்.

ஒரு படத்தின் முன் நின்றதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மரம், மாடு, மனிதன் என்று பெயர் சொல்லத் தொடங்குவதைச் சிறிது தள்ளிப்போடுங்கள். கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் கரைந்து கருமையும் வெண்மையும் மட்டும் மிஞ்சும். மிகக் கருமையான இடம் எது, தாள் அப்படியே விடப்பட்ட இடம் எது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண் எந்த வழியாகப் போகிறது என்று கவனியுங்கள். அடுத்து, தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடுவானம் தாழ்ந்திருந்தால் படம் வானத்தைப் பற்றியது. உயர்ந்திருந்தால் மண்ணைப் பற்றியது. இந்த விதிக்கு விலக்குகள் உண்டு என்றாலும், தொடங்குவதற்கு இது போதும்.

அதன் பிறகே கோடுகளுக்கு அருகில் செல்லுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை மட்டும் முதல் சுற்றில் கவனித்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்க முடியுமா?

ரெம்பிராண்ட் 1643இல் செய்த ‘மூன்று மரங்கள்’ என்ற படத்தைவிட ஏற்றது இல்லை. அவருடைய நிலக்காட்சி எச்சிங்குகளில் அளவில் பெரியது இதுவே. அப்படியிருந்தும் சுமார் 21 செ.மீ. உயரமும் 28 செ.மீ. அகலமும்தான். தொடுவானம் தாழ்வாக ஓடுகிறது. வலப்புறம் மேடான நிலத்தில் மூன்று மரங்கள் ஒரே தொகுதியாக எழுந்து நிற்கின்றன. இடப்புறம் வயல்களும் நீரும் பரந்த சமவெளியாக விரிந்து, கோடியில் ஒரு நகரத்தின் சாயலில் முடிகின்றன.

இப்போது கோடுகளின் திசையைப் பாருங்கள். இடப்புற மேல்மூலையில் அளவுகோல் வைத்து இழுத்தவைபோல நேரான சாய்கோடுகள் கொட்டுகின்றன; அது மழை. அதையடுத்து மேகங்கள் சுழலும் வளைகோடுகளாக உருள்கின்றன. சமவெளியில் எல்லாம் படுக்கைக் கோடுகள். மரங்களிலோ குட்டையான, சுருண்ட, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கீறல்கள். சாய்வு, சுழல், கிடை, சுருள் என்ற நான்கு வகைக் கோடுகளே இங்கு நான்கு ஆற்றல்களாக மோதுகின்றன. மரங்களுக்குப் பின்னாலுள்ள வானம் ஏறக்குறைய வெறும் தாளாக விடப்பட்டிருப்பதால், மிகக் கருமையும் மிக வெண்மையும் அங்கேதான் ஒட்டி நிற்கின்றன. கண் எங்கே சுற்றினாலும் அந்த மரங்களுக்கே திரும்பி வருகிறது. மரங்களை முதன்மையாக்குவது அவற்றின் உயரம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உயரத்தைவிட அந்த ஒளி எல்லையே அதிகம் செய்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்குமேல்தான் மனிதர்களைத் தேட வேண்டும். இடப்புற முன்புலத்தில் நீரோரம் ஒருவன் தூண்டில் போட்டிருக்க, அருகில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். வலப்புற மேட்டின் விளிம்பில், மரங்களுக்கு அப்பால், வரைந்துகொண்டிருக்கும் ஓர் ஓவியன் சிறு உருவமாகத் தெரிகிறான். வலப்புறக் கீழ்மூலையின் அடர்ந்த புதருக்குள், கோடுகளோடு கோடுகளாக, ஒரு காதல் இணை மறைந்திருக்கிறது. 1645இல் அவர் செய்த ‘ஓம்வால்’ என்ற படத்திலும், இடப்புறத்து முதிய வில்லோ மரத்தின் நிழலில் இவ்வாறே ஓர் இணை ஒளிந்திருக்கிறது. பார்வையாளர் பொறுமையாகத் தேட வேண்டும் என்பதையும் அமைப்பின் ஒரு பகுதியாக ரெம்பிராண்ட் கணக்கிட்டிருக்கிறார்.

வண்ணமே இல்லாமல் தொலைவு எவ்வாறு உண்டாகிறது?

தகட்டைப் படிப்படியாக அரிப்பதால். எல்லாக் கோடுகளையும் கீறிய பின் தகட்டைச் சிறிது நேரமே அமிலத்தில் வைத்து எடுக்கிறார்கள். தொலைமலை, வானம் போன்ற மெல்லிய பகுதிகளின்மேல் அமிலம் புகாத வார்னிஷைத் தடவி மூடிவிட்டு, மீண்டும் அமிலத்தில் இடுகிறார்கள். பிறகு நடுப்புலத்தை மூடுகிறார்கள். முன்புலத்துக் கோடுகள் மட்டுமே கடைசி வரை அரிக்கப்பட்டு ஆழமாகின்றன. அண்மையும் சேய்மையும் தகட்டில் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆழ வேறுபாடுதான். உயர்ந்த தரமுள்ள பிரதியில் முன்புலத்து மை தாளின்மேல் மெல்லிய மேடாகவே நிற்கும். பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் அது தெரியும்.

இடைவெளியும் சேர்ந்து வேலை செய்கிறது. அருகிலுள்ள கோடுகள் தனித்தனியே நிற்க, தொலைவிலுள்ளவை அறுந்து புள்ளிகளாகின்றன. பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: காலடியில் நிற்கும் மரத்தின் வெட்டுக்காயம்கூடத் தெரியும், வரிசையின் கோடியில் மரங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகிவிடும்.

குளோட் லொரேனைப் பற்றி எல்லோரும் பேசுவது ஏன்?

பிரான்சில் பிறந்து ரோம் நகரில் வாழ்ந்து 1682இல் மறைந்த குளோட், ஏறத்தாழ நாற்பது எச்சிங்குகளை மட்டுமே செய்தார். ஆனால் ஆயர் காட்சியின் அமைப்பு என்று பின்னாளில் பாடமாகிவிட்ட ஒழுங்கு பெரிதும் அவரிடமிருந்து வந்தது: ஒரு பக்கம் திரையைப்போல ஒரு மரத்தொகுதி, நடுவில் நீர், அதைக் கடக்கும் மந்தை, அதற்கப்பால் ஒளியில் கரையும் தொலைவு. 1636ஆம் ஆண்டின் ‘மாடு மேய்ப்பவன்’ படத்தில், இடையன் உட்கார்ந்து குழலூத, மாடுகள் நீரில் இறங்கிச் செல்கின்றன. அந்த ஒழுங்கைவிட எனக்கு வியப்பளிப்பது இலைகளின் கையாளுகைதான். இலைத்தொகுதியின் ஓரங்களில் கோடுகள் எங்குமே ஒரு வெளிவரையாக மூடிக்கொள்வதில்லை. வானத்து வெண்மை இலைகளுக்குள் கசிந்து வருகிறது. அவரைப் பின்பற்றிய பலர் திரைமரத்தை எடுத்துக்கொண்டார்கள், இந்தக் கசிவை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்களுடைய படங்கள் நாடக மேடைபோல் தோன்றுகின்றன.

சாமுவேல் பாமரின் படங்கள் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன?

ஒளியைக் காட்டுவதற்காகவே அவர் இருட்டை அடர்த்தியாக்கினார். 1805இல் பிறந்த ஆங்கில ஓவியர் பாமர், இளமையில் கென்ட் பகுதியின் ஷோரம் சிற்றூரில் தங்கி ஓவியம் வரைந்தார். வில்லியம் பிளேக் 1821இல் வெர்ஜில் பாடல்களுக்காகச் செய்த சிறு மரச்செதுக்கு ஓவியங்கள் அவரை ஆழமாகப் பாதித்தன. எச்சிங்குக்கு அவர் வந்தது 1850இல்தான். அதன்பின் 1881இல் இறக்கும்வரை அவர் நிறைவு செய்தவை பதின்மூன்று தகடுகள் மட்டுமே. ‘அதிகாலை உழவன்’ போன்ற ஒரு தகட்டுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

ரெம்பிராண்டின் வழி தாளை வெறுமையாக விடுவது. பாமரின் வழி தாளை ஏறக்குறைய முழுவதும் மூடிவிடுவது. பல திசைகளிலும் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நுண்கோடுகளை அடுக்கி, அவற்றுக்கிடையே மணல்துகள் அளவுக்கு வெண்புள்ளிகளை விட்டுவைக்கிறார். கோடுகளின் இடுக்கிலிருந்து எட்டிப்பார்க்கும் ஆயிரம் சிறு ஒளிக்கண்கள் என்ற பொருளில் அவரே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அது ஒரு மாலை நேரத்து மங்கல் மட்டுமே. கண்ணாடியோடு பார்க்கும்போது அந்த மங்கல் முழுவதும் துடித்துக்கொண்டிருப்பது தெரிகிறது.

1879ஆம் ஆண்டின் ‘தனித்த கோபுரம்’ என்ற படம் ஆங்கிலக் கவி மில்டனின் கவிதை ஒன்றிலிருந்து பிறந்தது. குன்றின்மேல் கோபுரத்தில் ஒரு விளக்கு. தொடுவானத்தருகே பிறை நிலா. கீழே ஆடுகளோடு தங்கியிருக்கும் இடையர்கள். படத்தின் அமைப்பு முழுவதும் இந்தச் சில வெண்மைகளுக்கிடையே கட்டப்பட்டிருக்கிறது. நிலவுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள வெண்மை வேறுபாட்டை அவர் சுற்றியுள்ள கோடுகளின் நெருக்கத்தால் மட்டுமே உண்டாக்கியிருக்கிறார் என்பதை உணரும்போது, தொழில்நுட்பம் என்ற சொல் போதாமல் போகிறது. மேய்ச்சல்நில எச்சிங்குகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பாமருக்குப் பிறகு இந்த மரபு தொடர்ந்ததா?

1920களில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் பாமரை மீண்டும் கண்டெடுத்தார்கள்; கிரஹாம் சதர்லேண்டின் 1925ஆம் ஆண்டு எச்சிங்குகளில் அந்தத் தாக்கம் வெளிப்படை. 1929இன் பொருளாதாரச் சரிவோடு அச்சோவியச் சந்தையும் சரிந்தது. இந்தியாவில், 1916இல் அமெரிக்கா சென்று எச்சிங் கற்ற முகுல் தே இந்த ஊடகத்தை வங்காளத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்.

படங்களில் இடமும் வலமும் மாறியிருக்குமா?

ஆம். தகட்டில் வரைந்தது தாளில் கண்ணாடிப் பிம்பமாகவே விழும். ரெம்பிராண்டின் ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சியில் நகரமே இடவலம் மாறியிருக்கிறது. அவர் நேரில் பார்த்தபடி தகட்டில் வரைந்ததன் விளைவு அது. அமைப்பை ஆராயும்போது படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். ஓவியரின் கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது என்பது அப்போது புலப்படும்.

வானத்தை வெறுமையாக விடுவது முடிக்காமல் விட்டதாகாதா?

ஆகாது. ரெம்பிராண்டின் 1651ஆம் ஆண்டு ‘பொன் நிறுப்பவரின் வயல்’ ஹார்லெம் அருகேயுள்ள சமவெளியை அகன்று நீண்ட தகட்டில் காட்டுகிறது. வானத்தில் ஒரு கோடுகூட வேண்டியிருக்கவில்லை. நிலத்தின் கோடுகள் அகலவாக்கில் ஓடிக்கொண்டே இருப்பதால் மேலேயுள்ள வெறும் தாள் தானாகவே காற்றாகிவிடுகிறது.

பினாங்கைக் காட்டும் பழைய அச்சோவியங்களையும் இப்படிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். இத்தீவு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று அழைக்கப்பட்ட காலத்தில், கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் வரைந்த தைலவண்ண ஓவியங்களைக் கொண்டு, வில்லியம் டேனியல் செய்த பத்துக் காட்சிகள் 1821இல் லண்டனில் வெளியாயின. டேனியல் நமக்கு அயலவரும் அல்லர். தம் சிற்றப்பா தாமஸுடன் 1792 வாக்கில் தமிழகத்தில் பயணம் செய்து மதுரை, தஞ்சை போன்ற ஊர்களின் கோயில்களை வரைந்தவர் அவர்.

இந்தப் படங்கள் அக்வாடிண்ட் முறையில் ஆனவை. தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைத்து, துகள்களின் இடையே அமிலத்தை அரிக்கவிடும் இந்த முறையில், நீர்வண்ணம்போன்ற நிழற்பரப்பு கிடைக்கிறது. கோடு பின்னுக்குப் போய்விடுகிறது. பாமரையோ ரெம்பிராண்டையோ பார்த்த கண்ணோடு இவற்றுக்கு வந்தால், மேகமும் கடலும் மென்மையாக இருக்கையில், இலைகளில் அந்தத் துடிப்பு இல்லை என்பது உடனே தெரியும். கோடு என்ன செய்கிறது என்பதை, அது ஒதுங்கி நிற்கும் படங்களைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம்.

அமைப்பைப் பொறுத்தவரை, இவை குளோட் வழிவந்த ஆங்கிலேய ஒழுங்கை வெப்பமண்டலத் தீவின்மேல் பொருத்திய படங்கள். குளுகோர் மாளிகையையும் அதன் நறுமணப்பயிர்த் தோட்டத்தையும் காட்டும் படத்தில் நிலம் அமைதியாகத் தன்னைத்தானே பேணிக்கொள்வதுபோல இருக்கிறது. அந்த நாட்களில் இந்தத் தீவில் காடழித்துச் சாலையமைத்தவர்களுள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். ஆயர் காட்சியின் அமைப்பு உழைப்பைத் தொலைவுக்குத் தள்ளி ஓய்வை முன்னே வைக்கிறது. இதை நம் ஊர்ப் படத்தில் பார்க்கும்போது வலிக்கிறது. இதற்கு மறுமுனையில் நிற்பவர் பிரெஞ்சு ஓவியர் மில்லே. 1855ஐ ஒட்டி அவர் செய்த ‘மண் வெட்டுபவர்கள்’ எச்சிங்கில், குனிந்த இரண்டு உடல்கள் முன்புலத்தையே நிரப்பிவிட, நிலத்தின் கோடுகளும் உடல்களின் கோடுகளும் ஒரே அழுத்தத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அங்கே நிலக்காட்சிக்குத் தப்பிச் செல்ல இடமில்லை.

நாமும் வரைந்து பார்த்தால்தான் புரியுமா?

அமிலமும் தகடும் தேவையில்லை. ஒரே பருமனுள்ள பேனாவும் தாளும் போதும். தாவரவியல் பூங்காவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின்முன் உட்கார்ந்து, தேய்த்து நிழலிடாமல், கோடுகளால் மட்டும் வரைந்து பாருங்கள். எந்த இடத்தை வரையாமல் விடுவது என்பதே பெரிய சிக்கலாக எழும். பாலிக் புலாவ் வயல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது: மலை மிக அருகில் எழுந்து வானத்தை மூடுவதால் தொடுவானம் உயர்ந்துவிடும், ஹாலந்து ஓவியரின் அமைப்பு அங்கே செல்லாது. செபராங் பிறை பக்கத்துச் சமவெளிக்குப் போனால் அது செல்லும். ஒரே நாளில் இரண்டையும் வரைந்தால் தொடுவானத்தின் உயரம் படத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று கை அறிந்துகொள்ளும்.

ஒரே தகட்டின் பிரதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது ஏன்? அவற்றை இங்கிருந்தபடியே எங்கே பார்க்கலாம்?

ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டில் புதிதாக மை இட்டுத் துடைக்க வேண்டும். முழுமையாகத் துடைத்தால் வெண்மை பளிச்சிடும்; மெல்லிய மைப்படலத்தை விட்டால் காட்சியே மாலையாகிவிடும். அழுத்தத்தில் தகடும் தேய்கிறது. ட்ரைபாயிண்ட் சுருள் சில பத்துப் பிரதிகளிலேயே நசுங்கிவிடுவதால் முதல் பிரதிகளின் கருமை பின்வருபவற்றில் இருக்காது. இவை தவிர, ஓவியர் தகட்டைத் திருத்தி மீண்டும் அச்சிடுவதும் உண்டு.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை தங்கள் அச்சோவியங்களைப் பெரிய அளவில் இணையத்தில் வைத்திருக்கின்றன. திரையில் பெரிதாக்கும்போது உண்மை அளவு மறந்துபோகும் என்பதால், அதே அளவில் ஒரு தாளை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அசல் பிரதியைப் பார்க்க வாய்த்தால் ஐந்து முதல் பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும். ஒப்பீட்டைத் தொடங்க ‘பொன் நிறுப்பவரின் வயல்’ ஏற்ற படம்: இரண்டு அருங்காட்சியகங்களின் பிரதிகளைத் திரையில் அருகருகே வைத்து, முன்புலத்து ட்ரைபாயிண்ட் கோடுகளின் ஓரக் கசிவு எதில் நிறைந்திருக்கிறது, எதில் தேய்ந்து வெறும் கீறலாகியிருக்கிறது, அந்தக் கருமை குறைந்ததும் பின்னாலுள்ள சமவெளி எவ்வளவு முன்னே வந்துவிடுகிறது என்று பாருங்கள்.